பார்க்காமல் போட்ட டிக்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் குழந்தை மருத்துவர் அம்மா அவர்களே, மேடைக்கு மேன்மை சேர்க்கும் பெரியோர்களே, மடியில் மழலையோடும் வயிற்றில் வளரும் உயிரோடும் வந்திருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் தூணோரம் அமர்ந்திருக்கும் தையற்காரத் தங்கையே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

பிறக்கப்போகும் பிள்ளைகளின் இதயத்தையும் மூளையையும் பார்ப்பதற்கென்றே இன்று இங்கே ஒரு ஸ்கேன் அறை திறக்கிறோம். வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்கேன் எடுப்பவள் நான். வாழ்த்த வந்த வாயால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதில் குற்றவாளி நானே.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? மைக்கை நெருக்கிக்கொள்கிறேன். இது கடைசி ஆள்வரை கேட்க வேண்டிய கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல், ஐந்து மாத வயிற்றோடு இந்தத் தங்கை என் அறைக்கு வந்தார். பிள்ளையின் தலையை அளந்தேன், மூளையைப் பார்த்தேன், குறையில்லை. இதயத்துக்கு வந்தபோது பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எப்படிப் பார்த்தும் திரும்பவில்லை. தாயை எழுப்பி, சற்று நடக்கவிட்டு, அரைமணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதுதான் முறை. அந்த முறை எனக்குத் தெரியாதா? தெரியும். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள்.

"அக்கா, இதயம் நல்லா இருக்கா?" என்றார்.

ஒலியைக் கூட்டி வைத்தேன். "கேட்டீங்களா? குதிரை மாதிரி ஓடுது. அப்பனை ஓட ஓட விரட்டப்போகுது பாருங்க" என்றேன்.

தங்கை சிரித்தார். துடிப்பது கேட்டது, உண்மை. இதயத்தின் நான்கு அறைகளும் உள்ளனவா என்று கண்டேனா? காணவில்லை. காணாமலே, ஸ்கேன் முடிவுத் தாளில் 'நான்கு அறைகளும் சரி' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஒன்பது சட்டை தைத்து வைத்துவிட்டுப் பெற்றெடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளையின் உதடு நீலமானது. இதயத்தின் இடப்பக்கம் வளரவே இல்லை. அறுவை செய்யும் மருத்துவமனை ஆறு மணி நேரப் பயணம். முன்பே தெரிந்திருந்தால் அங்கேயே பெற்றிருப்பார். பிழைத்திருப்பானா, தெரியாது. அந்த வாய்ப்பைப் பறித்தவள் நான். ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான். அவன் போட்டது இரண்டு சட்டைதான்.

ஒரு மாதம் கழித்து அதே தாளோடு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அன்னிக்குப் பார்த்தீங்களா, பார்க்கலையா? அதை மட்டும் சொல்லுங்கக்கா."

"பார்க்கலைம்மா."

"பார்க்கலைன்னு எழுதியிருந்தா மறுபடி வந்திருப்பேனே. பஸ் இல்லைன்னாலும் நடந்தே வந்திருப்பேனே."

வேண்டாம் ஐயா, கை தட்டாதீர்கள். உண்மையைச் சொன்னதற்குக் கைதட்டலா? சொல்ல வேண்டிய நாளில் நான் சொல்லவில்லையே.

இந்தப் புதிய அறையின் தாளில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: 'தெரியவில்லை, மீண்டும் வரவும்.' தாய்மார்களே, அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். சக ஊழியர்களே, அதைப் போட வெட்கப்படாதீர்கள். வரிசை காத்திருக்கும். வளரும் இதயம் காத்திருக்காது.

"என்னைப் பத்திச் சொல்லுங்க, ஆனா அழாம சொல்லுங்க" என்று காலையில் கேட்டுக்கொண்டார் தங்கை. பாதிதான் முடிந்தது, மன்னித்துவிடுங்கள். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். தங்கையே, அந்த அறையின் கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும். மெதுவாக நடந்து வாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.