வெயிலில் வைத்த கிம்ச்சி

"ஹலோ… ஆங், ஷாமா… இரு, கை ஈரம்… ம், இப்ப சொல்லு… மூச்சு வாங்குதா? இல்லையே… சும்மா வெளிய கூட்டிட்டு வந்தேன்… என்னத்தையா? வாசலத்தான்லா. வேற எதக் கூட்டுவாங்க?"

கைபேசியைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு புஷ்பவள்ளி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவள் கூட்டியது வாசலை இல்லை, கொல்லையை. அள்ளியதும் குப்பை இல்லை, காரத்தில் ஊறிச் சிவப்புச் சிவப்பாகக் கோஸ் இலைகள். கால் மணி நேரத்துக்கு முன்னால் கொல்லை மதில் மேல் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய அவள் கணவர் இராமையா, டயர் போய்விட்டது என்று சாலைப் பக்கம் ஓடினார். டயர் எதுவும் போகவில்லை. போனது கிம்ச்சிப் போத்தல்.

"ஒங்கப்பா நல்லாருக்காரு… இன்னும் சாப்பிடல, மணி பதினொண்ணுதானே… ம்… ம்… கிம்ச்சியா? இருக்கு, இருக்கு. அது எங்க போயிரும்?"

எங்கே போனது என்று அவளுக்கே முழுதாகத் தெரியாது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த இராமையாவின் வெள்ளைப் பனியனில் பாதி இருந்தது. மூடியைக் காணவில்லை.

மற்ற எதுவென்றாலும் மகளிடம் உடனே சொல்லியிருப்பாள். கிம்ச்சி அப்படியில்லை. இராமையாவுக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய், இரண்டு கண்ணிலும் புரை. கண் அறுவைக்கு இரண்டு முறை நாள் கொடுத்தார்கள். இரண்டு முறையும் இரத்தத்தில் சீனி, மில்லிமோல் கணக்கில், பதினைந்தைத் தாண்டி நின்றது. பத்துக்குக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சோற்றைக் குறைத்தால்தானே அது இறங்கும்? புஷ்பவள்ளி ஆவியில் வெந்த மீனும் காரமில்லாத கீரையும் வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சோறு என்று தட்டை ஒதுக்கிவிட்டு, அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், பரோட்டா மாதிரி எண்ணெய் மினுக்கும் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்தார். ஒரு நாள் திரும்பி வரும்போது சாலையோரம் எது, லோங்காங் எது என்று கண்ணுக்குப் பிடிபடாமல் மோட்டாரோடு சாக்கடைக்குள் இறங்கினார். நல்ல வேளை, முழங்காலளவுத் தண்ணீர். அன்றைக்கே புஷ்பவள்ளி மோட்டார் சாவியைக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் புதைத்தாள். அரிசி டின் பக்கம் இராமையாவின் கை போய் முப்பது வருடம் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் மகள் ஷாமளா வந்தாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. உடன் தங்கியிருக்கும் தோழிகளோடு சேர்ந்து கொரியச் சமையல் பழகியிருந்தாள். ஒரு பெரிய கிண்ணத்தில் அரை கப் சோறு, சுற்றிலும் கீரை, கேரட், தவ்கே என்கிற பயற்று முளை, நடுவில் ஒரு முட்டை, மேலே இரண்டு சொட்டு நல்லெண்ணெய், ஒரு கரண்டி கிம்ச்சி. காரமும் புளிப்பும் நாக்கில் பட்டதும் இராமையா நிமிர்ந்து உட்கார்ந்தார். கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்தார். பிசைந்து சாப்பிடத் தெரிந்தவன் எந்த நாட்டில் இருந்தாலும் நம்ம ஆள்தான் என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று வாரமாக மதியம் அதேதான். காலையில் சீனி பார்த்தால் பதினான்கு, பன்னிரண்டு, ஒன்பது என்று இறங்கிக்கொண்டே வந்தது.

வரும் வியாழக்கிழமை அறுவைக்கு மூன்றாம் முறையாகக் கொடுத்த நாள். இன்றைக்கு ஞாயிறு. பழைய போத்தல் நேற்றோடு தீர்ந்துவிட்டது. ஷாமளா புதிதாக அனுப்பியது இன்றைக்குப் பார்த்து வெடித்திருக்கிறது.

"சத்தமா? எந்தச் சத்தம்… அது நாகமணி அக்கா… எதையோ தேடுறாங்க போல… கத்தலடி, அவங்க பேசுறதே அப்படித்தான்."

பக்கத்து வீட்டு நாகமணி தேடவில்லை, கண்டுபிடித்துவிட்டாள். தன் வீட்டுத் தகரக் கூரையில் எதுவோ வந்து விழுந்ததில் பூனை பயந்து ஓடிவிட்டது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முறையிட்டுக்கொண்டிருந்தாள். கையில் போத்தல் மூடி. அதன் மேல் ஷாமளா ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். ஐஸ்பெட்டியில் மட்டும் வைக்கவும். நாகமணி அதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி படித்தாள்.

"…கேட்டுருச்சா… ம்… ஆமா… ஆமாடி, வெயில்லதான் வச்சேன்… கொரியாக்காரன் ஊறுகாய்னு நீதானே சொன்ன? ஊறுகாய வெயில்ல வைக்காம வேற எங்க வைப்பாங்க?… ரெண்டு நாளுதான்… எறும்பு ஏறுமேன்னு நல்லா இறுக்கி மூடினேன்… நான் எங்க மூடினேன், ஒங்கப்பாதான் திருகினாரு, எனக்குக் கை வழுக்குச்சு… சிரிக்கிறியா, திட்றியா? எதாச்சும் ஒண்ணச் செய்யி."

அதே மதிலில் வருடா வருடம் எலுமிச்சை வைத்திருக்கிறாள், மாங்காய் வைத்திருக்கிறாள். ஒன்றும் வெடித்ததில்லை.

"…உள்ள கேஸ் உண்டாகுமா? ஊறுகாய்க்குள்ளயா?… அப்ப ஒங்கப்பா மாதிரின்னு சொல்லு… சரி, சரி… இனிமே ஐஸ்பெட்டிதான்… ஆமா… ஆமா…"

கூடத்தில் மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம். அடுத்தது திறந்தது. புஷ்பவள்ளி குரலைத் தணித்துக்கொண்டு குசினியில் அடுப்பு மூலைக்கு நகர்ந்தாள்.

"ஷாமா, இப்ப பிரச்சன அது இல்லடி… கிம்ச்சி இல்லன்னா வேற ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு… உள்ளதான்… மோட்டார் சாவியத் தேடுறாரு. ஒவ்வொரு டிராயரா இழுக்குறாரு… இன்னைக்கு டவுனுக்குப் போய்த் தின்னுட்டு வந்தாருன்னா மூணு வாரம் பாடுபட்டதெல்லாம் போச்சு… போற வழியில விழுந்து வச்சாருன்னா… இல்ல, அழல. வெங்காயம்."

வெங்காயத்தை அவள் இன்னும் எடுக்கவே இல்லை.

"…ம்… இருக்கு, இன்னொரு போத்தல் இருக்கு… பிளாஸ்டிக்தான்… மதில் மேலயே நிக்குது. கிட்டப் போகவே பயமா இருக்கு. நாகமணி அக்காவுக்குக் கோவம் வந்தா கன்னம் ரெண்டும் உப்புமே, அந்த மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது… தெறக்கவா? நானா?… துணி போட்டு மூடி… மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு… கொஞ்சம் கொஞ்சமா… சரி. வெடிச்சா நீதான் பொறுப்பு."

பழைய துண்டை நனைத்துப் போத்தல் மேல் போட்டாள். தூக்கிக்கொண்டு வந்து குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்தாள். தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டாள். பார்க்காமல் செய்கிற காரியத்துக்குக் கண் எதற்கு.

"திருகுறேன்… புஸ்ஸுங்குது… நிறுத்திட்டேன்… ம், திரும்பவும்… புஸ்ஸுங்குதுடி, சோடா மாதிரி… இன்னும்… ஆங், தெறந்துருச்சு. ஒண்ணும் ஆகல… பூசணமா? இல்ல… கொழகொழப்பும் இல்ல… மணம் தூக்குது, ஆனா கெட்ட மணம் இல்ல… தின்னு பாக்கவா? இரு."

ஓர் இலையை எடுத்து நாக்கில் வைத்தாள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கின.

"அடியே… பல்லு கூசுதுடி. புளியங்கொட்டையத் தவிர எல்லாம் இருக்கு. இத இப்படியே குடுத்தா அறுவையே வேணாம், ஒங்கப்பாவுக்குக் கண்ணு தானா தெறந்துரும்."

மறுமுனையில் மகள் சிரிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். அவள் கண் வெட்டுப்பலகை மேல் போனது. காலையில் பாசிர் பெனம்பாங் மீன்பிடிக் கிராமத்திலிருந்து வந்த தேவதாஸ், இராமையாவின் பழைய லோரிக் கூட்டாளி, கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் நான்கு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கழுவி, மஞ்சள் தடவி வைத்திருந்தது. புளிக்குழம்பு வைத்தால் இராமையா மூன்று தட்டுச் சோறு கேட்பார் என்று வைக்காமல் விட்டிருந்தாள். மீனைப் பார்த்தாள். போத்தலைப் பார்த்தாள்.

"ஷாமா… ஒண்ணு கேக்குறேன், சிரிக்கக் கூடாது… புளிக்குப் பதிலா இதப் போட்டு மீன் வச்சா?"

கைபேசியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"…ஹலோ? இருக்கியா?… என்னது? அங்கயும் செய்வாங்களா?… நெசமாவா, இல்ல அம்மா மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?… ரொம்பப் புளிச்சுப் போனதத்தான் கொழம்புக்கு எடுப்பாங்களா… இதே சாதி மீனா?… அப்ப கொரியாவுல எவளோ ஒருத்தி என்ன மாதிரியே வெயில்ல வச்சுருக்கா. அதான் கண்டுபிடிச்சிருக்கா."

அடுப்பை மூட்டினாள். இப்போது நிஜமாகவே வெங்காயம் அரிந்தாள். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதங்க, பிழிந்த கிம்ச்சியைப் போட்டதும் குசினி முழுக்க ஒரு மணம் எழும்பியது. பாதி பழக்கமான மணம், பாதி புதுசு. தண்ணீரை விட்டாள். தவ்ஹு என்கிற சோயாக் கட்டியைத் துண்டு போட்டாள். மீனைக் கடைசியாக இறக்கினாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டுத்தான் மகளிடம் கேட்டாள்.

"உப்பு போடல… போடலடி, அதுலயே இருக்குன்னு தெரியும்… கை டப்பா வரைக்கும் போச்சு, திரும்பிருச்சு… தண்ணியாத்தான் இருக்கு… மொதல்ல கிண்ணத்துல ஊத்திக் குடுக்கணுமா? மீனு, தவ்ஹு எல்லாம் தின்ன பிறகு சோறு… அரை கப்பு. சரி… கருவேப்பில போட்டேன்… போட்டாச்சுலா. கொரியாக்காரன் வந்து பாக்கவா போறான்?"

ஆக்கி வைத்திருந்த சோற்றில் அரை கப் அளந்து வைத்தாள். அடுத்த வேளைக்கு ஊறவைக்க அரிசி டின்னைத் திறந்து கப்பை உள்ளே விட்டாள். கப்பின் விளிம்பில் சாவி பட்டு லேசாகக் கிணுங்கியது. இன்னும் ஆழமாகத் தள்ளினாள். கூடத்தில் இழுப்பறைச் சத்தம் நின்றிருந்தது. நின்றதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"வர்றாரு… வர்றாருடி… பேசாத."

பேசாமல் இருக்க வேண்டியது மகள் இல்லை என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இராமையா குசினி வாசலில் வந்து நின்றார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். கையில் இருந்தது சீனி பார்க்கும் மெஷின். சாப்பிடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டுமாம், அதன் டப்பாவைத்தான் இத்தனை நேரம் தேடினாராம். விரலைக் குத்திக்கொண்டார். எண் தெரியாததால் மெஷினை அவளிடம் நீட்டினார்.

"…எட்டு. எட்டு புள்ளி ரெண்டு, ஷாமா… ஆமா, நான் நல்லாத்தான் பாத்தேன், எனக்குக் கண்ணு இருக்கு… ம்… ம்… கீழதானே? பத்துக்குக் கீழதானே?"

கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் இது என்ன என்று கேட்கவில்லை. ஒரு வாய் குடித்தார். மீனின் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்தார். அரைக் கப்புச் சோறு வந்தது, போனது. பிறகு தட்டை நீட்டினார். புஷ்பவள்ளி சோற்றுப் பானையை மூடினாள்.

"…தட்ட நீட்டுறாரு… சோறு இல்லைங்க, அவ்வளவுதான்… என்னது?… ஷாமா, சோறு வேணாமாம். கொழம்புதான் கேக்குறாரு."

ஊற்றினாள். இராமையா தலை நிமிராமல் என்னவோ சொன்னார். கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

"…ஒண்ணுமில்ல, இருக்கேன்… சாவி அரிசி டின்ல இருக்குன்னு அவருக்குத் தெரியுமாம்டி. மொத நாள்ல இருந்தே தெரியுமாம். நான் அரிசி அளக்கும்போதெல்லாம் கிணுங்குதாம்… கண்ணுதான் தெரியல, காது நல்லா கேக்குதுங்கிறாரு… அதானே, நானும் அதத்தான் கேட்டேன். எடுக்கணும்னா எப்பவோ எடுத்திருக்கலாமாம். கண்ணு தெரிஞ்ச பிறகு எடுத்துக்கலாம்னு விட்டுட்டாராம்."

மூன்று வாரமாக அந்த டின்னுக்குக் காவல் இருந்தது யார் என்று அவளுக்கு இப்போது சந்தேகமாக இருந்தது.

"…வியாழக்கிழம காலையில நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு… ஆமா… வெள்ளிக்கிழம சாவியக் குடுத்துரணுமாம், இப்பவே சொல்லி வைக்கிறாரு… என்ன? மறுநாளே மோட்டார் ஓட்டக் கூடாதா?… எத்தன வாரம்?"

புஷ்பவள்ளி திரும்பிப் பார்த்தாள். இராமையா கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சாறைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அத நீயே வந்து சொல்லு. நான் சொல்லல. இப்பத்தான் மனுசன் சாப்பிடுறாரு… வைக்கிறேன்."