கத்தாத பெட்டி

எனக்குத் தொலைபேசியில் பேசிப் பழக்கமில்லை, ஐயா. நேரிலும் வாய் வராது. அதனால்தான் எழுதித் தருகிறேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பதினொரு வீடுகளுக்குப் பெட்டி பொருத்தியது நான்தான். உள்ளங்கை அளவுப் பெட்டி. அறையின் வெப்பம், ஈரப்பதன், மின்பாவனை, கரி எரிந்தால் வரும் காபனோரொட்சைட்டு எல்லாவற்றையும் அளந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் மேசைக்கு அனுப்பும். அந்த நச்சு வாயுவுக்கு மணமில்லை. அளவு மீறினால் பெட்டி கத்தும்.

அப்போது யசோதினிக்குப் பிள்ளை பிறந்து ஐந்து நாள். அங்கே பிள்ளை பெற்றவளின் கட்டிலடியில் ஒரு மாதம் தணல் சட்டி இருக்கும். குளிருக்கு லயத்து ஒற்றை அறையான காம்பராவை இறுக்க மூடிவிடுவார்கள்.

“இது கத்தலன்னா ஜன்னல மூடிக்கலாமா மிஸ்?” என்று கேட்டாள்.

“மூடிக்கலாம். கத்துனா மட்டும் தொறங்க.”

“அப்ப எங்க மாமியாவுக்கு இது தேவல. காரணத்தோட கத்துது” என்று சிரித்தாள்.

அன்று நான் சொன்னது உண்மை.

முதல் வாரம் பெட்டிகள் ஓயாமல் கத்தின. கத்தியதும் ஜன்னலைத் திறந்தார்கள், அளவு இறங்கியது. அவர்கள் வழக்கமாக எப்படி வாழ்கிறார்கள் என்றே நான் அளக்க வந்திருந்தேன். ஆகவே மேசையிலிருந்தபடியே பதினொன்றின் சத்தத்தையும் நிறுத்தினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. வீடுகளுக்கு அறிவிக்கவுமில்லை. அறிவித்தால் மறுபடி ஜன்னலைத் திறப்பார்கள்.

மற்ற வீடுகளில் போன் சார்ஜ் போடப் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். பதிவு அறுந்துபோகும். யசோதினி ஒருநாளும் கழற்றவில்லை. அது பிள்ளைக்குக் காவல் என்று நம்பியிருந்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு என் திரையில் அவள் வீட்டு வாயு அளவின் கோடு ஏறத் தொடங்கியது. நூறு. இருநூறு. நானூறு. அவள் எண் என்னிடம் இருந்தது. எடுத்தவுடன் என்ன சொல்வது என்று கூச்சமாக இருந்தது. அழைத்தால் கோடும் இறங்கிவிடும். மூன்று வாரம் அறுபடாமல் வந்த பதிவு அது. தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தேன். ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அது ஒரு பெரிய ஆளை என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஒரு மாதம் நிறையாத பிள்ளைக்கு அதில் பாதி போதும்.

இரண்டு மணிக்குக் கோடு சட்டென்று விழுந்தது. யாரோ கதவைத் திறந்திருந்தார்கள்.

சிறிது நேரத்தில் அவள் புருஷன் செல்லச்சாமி என்னை அழைத்தார்.

“பொட்டி கத்தவே இல்லியாமே மிஸ். பக்கத்துல யாருக்கும் கேக்கலங்கிறாங்க. ரெண்டு பேரும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க மிஸ்.”

தொலைபேசியில் பேசிப் பழக்கமில்லை என்று சொன்னேனே. வைத்துவிட்டேன்.

பெட்டி பழுது என்று உங்கள் மரண விசாரணை அறிக்கையில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பிழை. பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. சத்தத்தை நிறுத்தியது நான். நான்கு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததும் நான். தாயும் பிள்ளையும் அதனால்தான் செத்தார்கள். திருத்திக்கொள்ளுங்கள்.

செல்லச்சாமி காம்பராவைப் பூட்டிவிட்டுக் கம்பளைக்குப் போய்விட்டாராம். தயவுசெய்து பெட்டியை மட்டும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். ஆளில்லாத வீட்டின் பதிவு என்னிடம் இதுவரை இருக்கவில்லை.