உம்மாவுக்கு வந்த சுகர்

உம்மா: ...ஒண்ணே ஒண்ணு மோனே. சரி, பாதி. ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கேன், தலை சுத்துது.

ஷமீல்: துளியூண்டு ரத்தம் எடுத்தாங்க, அதுக்கு எண்ணெய் சொட்டற பழம்பொரியா? குஞ்ஞாலிக்கா, அந்தத் தட்டைக் கொஞ்சம் உள்ள வைங்க. உம்மா கண்ணாலயே தின்னுடுவாங்க.

கடைக்காரர்: வச்சாச்சு. சாயா எப்படி?

ஷமீல்: ரெண்டும் சக்கரை இல்லாம.

உம்மா: உனக்கு எதுக்குடா சக்கரை இல்லாம? சுகர் எனக்குத்தானே?

ஷமீல்: அது... உங்களுக்குத் துணைக்கு.

கடைக்காரர்: கேட்டீங்களா பீயாத்தும்மா! ஷார்ஜாவிலேருந்து பறந்து வந்து உம்மாவை லேபுக்குக் கூட்டிட்டுப் போறான். என் மகன் போன் பண்ணி ‘சுகந்தானே உப்பா’ன்னு கேப்பான், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வச்சிடுவான்.

உம்மா: பறந்துதான் வந்தான். பெட்டியைத் திறந்தா ஒரு மிட்டாய் இல்லை. ஓட்ஸ்! நாலு பாக்கெட் ஓட்ஸ்! சொந்தக்காரங்க முன்னாடி மானமே போச்சு.

ஷமீல்: மூணு மாசமா போன்ல தொண்டை வத்தச் சொல்லிட்டு, நானே மிட்டாய் கொண்டு வரணுமா?

உம்மா: சொன்னியா? படுத்தினே. ‘உம்மா, சோத்தைக் குறைங்க.’ ‘உம்மா, மீனைப் பொறிக்காதீங்க.’ ‘உம்மா, ராத்திரி சீக்கிரம் சாப்பிடுங்க.’ இதெல்லாம் எங்கேருந்துடா படிச்சே? பத்தாம் கிளாஸ் புத்தகத்தைக்கூட நீ இப்படிப் படிக்கலையே.

ஷமீல்: போன்ல எல்லாம் இருக்கு. உங்களுக்குன்னதும் தேடித் தேடிப் படிச்சேன்.

உம்மா: சாயங்காலம் வேற... போனைக் காதுல வச்சுக்கிட்டு நான் இங்கே நடக்கணும், நீ அங்கே நடப்பே.

ஷமீல்: தனியா நடக்க மாட்டேன்னு நீங்கதானே அடம் பிடிச்சீங்க?

உம்மா: ஆமா. நீ நிஜமா நடக்கறியா, உக்காந்துக்கிட்டே ஏமாத்தறியான்னு மூச்சு வாங்கறதை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்.

ஷமீல்: அடப் படச்சோனே! என்னை வேவு பாத்தீங்களா?

உம்மா: மொதல்ல ரெண்டு வாரம் ஒரு மாடிப்படிக்கே அப்படி இரைச்சே. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. இப்போ பேசிக்கிட்டே ஏறறே.

ஷமீல்: உங்களைப் பத்திப் பேசலாமா? காலையில ஸ்கூல் மைதானத்துல எக்சர்சைஸ்னு குதிக்கறீங்களாமே. உங்க மருமக ரின்ஷா படம் அனுப்பினா.

உம்மா: அனுப்பிட்டாளா! நான் மட்டுமா? ஊர்ப் பெண்ணுங்க பாதிப்பேர் அங்கேதான். பர்தாவோட கையைத் தூக்கி, காலைத் தூக்கி... ஆமினாத்தா கைகொட்டறப்போ கொசு அடிக்கற மாதிரியே இருக்கும்.

கடைக்காரர்: என் வீட்டுக்காரியும் போறா. இப்போ என்னையும் வான்னு உயிரை வாங்கறா.

உம்மா: போங்களேன் குஞ்ஞாலிக்கா. கல்லாவுல உக்காந்து உக்காந்து வயிறு மேசைக்கு மேல வந்துடுச்சு.

ஷமீல்: வல்யுப்பாவுக்கு வயிறே இருக்காது, இல்லை உம்மா?

உம்மா: உன் வாப்பாவைப் பெத்த வல்யுப்பாவுக்கு வயிறு எங்கே? கல்லாயி மரக்கிடங்குல மரம் இழுத்த உடம்பு. சோறு குன்று மாதிரி வைக்கணும், அதுக்கு மேல மத்திக் கறி. பால் இல்லாத கட்டன் சாயாவுல ஸ்பூன் நிக்கற மாதிரி சக்கரை. பீடி வேற. சுகர்னு அவருக்குத் தெரிஞ்சது எழுபது வயசுல. அதுவும் கண்ணு டாக்டர் சொல்லித்தான்.

ஷமீல்: நான் பீடி தொட்டதே இல்லை.

உம்மா: பீடி போச்சு, கூல்டிரிங்ஸ் பாட்டில் வந்துச்சே. ஷார்ஜாவுல நீ வேலை பாக்கற கடையிலேயே ஃப்ரிட்ஜ் பக்கத்துல நிக்கறே. தாகம் எடுத்தா தண்ணியா குடிப்பே? இருந்த இடத்துக்கே பரோட்டா வரும், ஷவர்மா வரும். வல்யுப்பா தின்னது மரத்தோட போச்சு. நீ தின்னது எங்கே போகும்?

ஷமீல்: இது என்ன, என் மேல திரும்புது?

உம்மா: பொதுவா சொன்னேன்... உன் வாப்பாவுக்கு நாப்பத்தாறுலயே வந்துச்சு.

ஷமீல்: ம்.

உம்மா: கல்ஃப்ல லாரி ஓட்டின மனுஷன். பகல் பூரா உக்கார்ந்திருக்கணும். கால்ல புண்ணு. ‘செருப்பு கடிச்சிடுச்சு’ன்னார். நான் போன்ல கத்தினேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. என்ன செஞ்சார் தெரியுமா?

ஷமீல்: என்ன?

உம்மா: போனை வச்சிட்டார். ஒரு வாரம் பேசவே இல்லை.

ஷமீல்: அவ்ளோ கோபமா?

உம்மா: பயம், மோனே. உன் வாப்பாவுக்குப் பயம் வந்தா அது கோபமாத்தான் வெளிய வரும். அப்புறம் வந்தார்... ரெண்டு விரல் இல்லாம.

ஷமீல்: தெரியும் உம்மா. விடுங்க.

உம்மா: விட்டுட்டேன். ஆனா யோசிச்சுப் பாரு. வல்யுப்பாவுக்கு எழுபது, வாப்பாவுக்கு நாப்பத்தாறு... உன் மக பாத்துவுக்கு இப்பத்தான் ரெண்டு வயசு. அவளுக்கு எத்தனை வயசுல வரணும்?

ஷமீல்: அவளுக்கு வராது.

உம்மா: அதெப்படி அவ்ளோ உறுதியா சொல்றே?

ஷமீல்: வீட்டுல பாக்கெட் ஜூஸை நிறுத்தச் சொல்லி ரின்ஷாகிட்ட சொல்லிட்டேன். பிறப்புல வர்றதை மாத்த முடியாது. ஆனா நாம என்ன திங்கறோமோ அதைத்தானே அவளும் திங்கப் போறா? நாம நடந்தா பின்னாடியே ஓடி வருவா.

உம்மா: ...நல்லாப் பேசறே.

கடைக்காரர்: ஷமீலே, உன் போன் அடிக்குது.

ஷமீல்: லேபுலேருந்துதான்... ஹலோ? ஆமா, சொல்லுங்க சிஸ்டர். ம்... ம்... ரெண்டு பேருதுமா? உம்மாவுக்கு? அஞ்சு புள்ளி மூணா? நிஜமாவா? சரி சரி, வந்து வாங்கிக்கறேன்... உம்மா! உங்களுக்கு அஞ்சு மூணு!

உம்மா: அப்படின்னா?

ஷமீல்: மூணு மாச சராசரி. ஆறரை தாண்டினாத்தான் சுகர். உங்களுக்குச் சுகரே இல்லைன்னு வச்சுக்கோங்க! மாத்திரை இல்லாம! குஞ்ஞாலிக்கா, பாத்தீங்களா?

கடைக்காரர்: மாஷா அல்லாஹ்!

உம்மா: உனக்கு எவ்ளோ சொன்னாங்க?

ஷமீல்: எனக்கென்ன, சும்மா உங்களுக்காகத்தானே குடுத்தேன்.

உம்மா: எவ்ளோடா?

ஷமீல்: அஞ்சு ஒன்பது. உம்மா... அஞ்சு ஒன்பது. ஏழு நாலுலேருந்து...

உம்மா: அழாதே. கடையில ஆள் இருக்கு.

ஷமீல்: சொல்லணும்னுதான் இருந்தேன் உம்மா. உங்களுக்கும் சுகர்னு கேட்டதும்... உங்க தலையில இதையும் எப்படி ஏத்தறதுன்னு... அங்கே டாக்டர், மூணு மாசம் சாப்பாட்டைப் பாத்து நட, அப்புறம் மாத்திரையைப் பத்திப் பேசலாம்னார்.

உம்மா: ம்.

ஷமீல்: இருங்க... உங்க டாக்டரும் இதையே சொன்னார்னுதானே சொன்னீங்க? வார்த்தை மாறாம? உங்களுக்கு மொத டெஸ்டுல எவ்ளோ இருந்துச்சு? எப்பக் கேட்டாலும் மழுப்பினீங்களே... உம்மா, என்னைப் பாருங்க. எவ்ளோ இருந்துச்சு?

உம்மா: இன்னைக்குத்தான்டா என் வாழ்க்கையில மொத டெஸ்ட். உன் ரூம்ல இருக்கற ஹாரிஸ் அழுதுக்கிட்டே போன் பண்ணி எல்லாம் சொன்னான். உனக்குச் சுகர், பாத்துக்கோன்னு நான் சொல்லியிருந்தா வாப்பா மாதிரியே போனை வச்சிருப்பே. எனக்குன்னு சொன்னேன், அன்னைக்குச் சாயங்காலமே நடக்க ஆரம்பிச்சுட்டே.