ஆறு மணிக் கப்பல்

— பதினேழாயிரத்து நானூற்று அறுபது. உங்க வீட்டுக்காரரோட ரெண்டு மாசம் பதினோரு நாள் சம்பளம். எண்ணிப் பாத்துட்டு இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா.

— எதுக்கு எண்ணணும், தூதரகத்து ஐயா? எனக்கு வேணாம்.

— அண்ணி, கொஞ்சம் பொறுங்க. எடுத்தோம் கவிழ்த்தோம்னு பேசாதீங்க.

— கொழுந்தனாரே, நீங்க இந்த ஐயா பக்கமா, என் பக்கமா?

— நான் அறுபத்து மூணு பேர் பக்கம். ஜன்னல் வழியா பாருங்க, சுமை தூக்குற மொத்தக் கூட்டமும் தெருவுல நிக்குது. அவனுங்களுக்கும் பாக்கி வந்திருக்கு. ஆனா அண்ணி கையெழுத்து போட்டாத்தான் நாங்களும் போடுவோம்னு ஒரே பிடிவாதம். மேஸ்திரின்னு பேருதான். என் பேச்சை எங்க வீட்டுப் பூனைகூடக் கேக்காது.

— பாருங்கம்மா, ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். நான் வேலை பாக்குற அந்த நாட்டுக்கு மறுபடி இந்தத் துறைமுகத்துல சொந்தமா ஒரு இடம் வேணும். பழைய பாக்கி தீராம உங்க சங்கம் பேசவே மாட்டேங்குது.

— அவ்வளவு பெரிய நாடு. ஒரு கப்பலே ஒரு தெரு நீளம். அதுக்கு என் கையெழுத்து வேணுமாக்கும்! நாப்பது வயசுக்கு மேல கத்துக்கிட்ட கோழிக்கிறுக்கல் ஐயா அது.

— வேணும்மா. போன மாசம் பல நாட்டுக்காரங்க கூடின ஒரு கூட்டம். நான் பின்னால உக்காந்து மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தேன். ‘எங்களோட நில்லுங்க’ன்னு அந்த நாட்டுக்காரங்க கேட்டாங்க. ஒரு கைகூட எழும்பல. ஒரு குட்டித் தீவுக்காரர் மட்டும் எழுந்து, ‘எட்டு வருஷம் முன்னாடி சண்டை வந்தப்போ அந்தத் துறையில உங்களை நம்பி நின்னவங்களை விட்டுட்டுக் கிளம்பினீங்களே, அவங்க என்ன ஆனாங்க?’ன்னு கேட்டாரு. அதோட கூட்டம் கலைஞ்சுது.

— பரவாயில்லையே. எங்கயோ தீவுல இருக்கிறவருக்கு ஞாபகம் இருக்கு.

— அவ்வளவு தூரம் எதுக்கு ஐயா? இங்கயே பாருங்க. முன்னெல்லாம் அவங்க முத்திரை குத்தின மூட்டைன்னா தராசு பக்கமே கொண்டுபோக மாட்டோம். நேரா கிடங்குக்கு. இப்ப ஒண்ணொண்ணா எடை போடுறோம். ஒரு கப்பல் இறக்க அஞ்சு நாள்.

— எடை குறையுதா என்ன?

— எங்க குறையுது! இந்த எட்டு வருஷத்துல ஒரு கிலோ குறைஞ்சதில்ல. ஆனாலும் போடுறோம். என்ன பண்றது, கை தானா தராசுக்குப் போகுது.

— அதை மாத்தத்தான் வந்திருக்கேன். வாங்கிக்கோங்கம்மா. உங்களுக்குச் சேர வேண்டிய காசு.

— ஐயாவுக்கு நம்ம வழக்கம் தெரியாது போல. சொல்லுங்க கொழுந்தனாரே.

— துறைமுக வாசல்ல ஒரு பலகை இருக்குங்க. ஆளுக்கு ஒரு தகர வில்லை, நம்பர் போட்டது. ஆளு இல்லாமப் போனாலும், கூலி பாக்கி இருக்கிற வரைக்கும் வில்லையைக் கழட்ட மாட்டோம். அண்ணனோடது நாப்பத்தாறு. காலையில ஆள் கணக்கெடுக்கும்போது அதையும் கூப்பிடுவேன். யாராச்சும் ஒருத்தன் ‘லாரியோட போயிருக்காரு’ம்பான். அடுத்த நம்பருக்குப் போயிடுவேன்.

— பாக்கி தீர்ந்தா?

— கழட்டிடுவோம்.

— அப்புறம் யாரு அவரைக் கூப்பிடுவா? கிடங்கு பெருக்குற வேலை எனக்கு எட்டு மணிக்குத்தான் ஐயா. ஆறரைக்கே போய் வேலி ஓரமா நிக்கிறேன், அந்த ஒரு பேச்சுக்காக. ‘போயிருக்காரு’ன்னு சொல்றாங்க பாருங்க, போனவரு வருவாருன்னுதானே அர்த்தம்? அதை இந்தக் கவருக்குள்ள போட்டு மூடச் சொல்றீங்க.

— அண்ணி, நானும் அவரோட ஒரே வயித்துல பொறந்தவன்தான். மாசா மாசம் அவரு சட்டையைத் துவைச்சுக் கொடியில போடுறீங்க. இந்தத் தெரு வழியா போறப்போ நானும் ஒரு நிமிஷம் நின்னு, அண்ணன் வந்துட்டாரோன்னு மேல பாக்குறேன். ஆனா வெளிய நிக்கிறவன் ஒருத்தன் பொண்ணுக்குக் கண்ணு ஆபரேஷன். அவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல?

— தெரியும். அவ அம்மா நேத்து வந்து ஒரு வார்த்தை கேக்காம உக்காந்துட்டுப் போனா. ஐயா, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நடந்ததைப் பத்தி உங்க ஃபைல்ல என்ன எழுதியிருக்கு?

— அது... ‘ஓட்டுநர் உரிய நேரத்துக்கு வந்து சேரவில்லை.’

— வந்தாரு.

— அம்மா, நான் எழுதினதில்ல அது.

— வந்தாரு ஐயா. கப்பல் ஆறு மணிக்குன்னு ஒலிபெருக்கியில மூணு தடவை சொன்னாங்க. அவங்ககிட்ட வேலை பாத்த நாப்பது பேரைக் கூட்டிவர மலை முகாமுக்கு லாரியை எடுத்துட்டுப் போனாரு. நான் துணிமூட்டையோட துறையில நிக்கிறேன். அஞ்சு மணிக்கே கப்பல் நகந்துடுச்சு. அஞ்சு அம்பதுக்கு லாரி வந்து நின்னுச்சு. இறங்கித் தண்ணியைப் பாத்தாரு. வாட்சைப் பாத்தாரு. என்கிட்ட வந்து, ‘நான் லேட்டா?’ன்னு கேட்டாரு.

— விடுங்க அண்ணி.

— ‘இல்லைங்க, நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்க’ன்னேன். அதுக்குள்ள ஊருக்குள்ள துப்பாக்கிச் சத்தம். இவங்களை எல்லையில விட்டுட்டு வந்துடுறேன்னு வண்டியைத் திருப்பினாரு. எனக்கு நிக்கக்கூட அதுல இடமில்ல. என்ன ஐயா, எழுந்துட்டீங்க?

— மேஸ்திரி, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துறீங்களா?

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— இதை என் வீட்டுலகூடச் சொன்னதில்ல. அஞ்சு மணின்னு எங்களுக்குக் காலையிலயே தெரியும்மா. உண்மையைச் சொன்னா கூட்டம் மோதும், ஆறுன்னு சொல்லுன்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. ஒலிபெருக்கியில அதை வாசிச்சது நான்தான்.

— அடப்பாவி! உன் வாயா அது? அந்த வாய்க்குத்தானா எங்கண்ணன்...

— கொழுந்தனாரே, ஐயா சட்டையை விடுங்க. விடுங்கன்னேன்ல! ஐயா, இதை ஃபைல்ல எழுதுவீங்களா? வெளிய நிக்கிறவங்ககிட்ட சொல்வீங்களா?

— எழுதினா என் வேலை போயிடும்மா.

— ஆமா, போகும்.

— ரெண்டு பிள்ளைங்க படிக்குது.

— அதுக்கு நான் என்ன சொல்ல முடியும் ஐயா?

— ...பேனா எங்க வச்சேன்? இருங்க. ‘வந்து சேரவில்லை’யை அடிச்சுட்டேன். ‘ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார். ஆறு மணி என்று அறிவித்துவிட்டு ஐந்து மணிக்குக் கப்பலை எடுத்தோம்.’ கீழ என் பேர், கையெழுத்து, தேதி.

— இப்படித் திருப்புங்க. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மு... முன்பே... வந்தார். ம். சரியா இருக்கு. இந்தாங்க, என் கையெழுத்து. உங்க பாக்கி தீர்ந்துச்சு.

— அண்ணி! இவன் சொன்னதைக் கேட்டுட்டுமா போடுறீங்க?

— படியேறி ‘அம்மா இருக்காங்களா’ன்னு கேட்டப்பவே அந்தக் குரல் எனக்குத் தெரிஞ்சுபோச்சு கொழுந்தனாரே. அவரா வாயைத் திறக்குறாரான்னு பாக்கத்தான் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன்.