மூடி வைத்த துப்பாக்கி

பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் மரக்கட்டையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். வீடு வாங்கப் போய் வாசல் கதவின் சாயத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவது போன்ற காரியம் அது. கட்டை தேய்ந்திருந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. நான் முதலில் பார்ப்பது திருகாணிகளின் தலையை. அவை சிதைந்திருந்தால், தெரியாத கை ஒன்று தவறான திருப்புளியைப் போட்டு உள்ளே நோண்டியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு அடியிலிருக்கும் லீவரைக் கீழே இறக்கித் திறப்பேன். திறந்த இடத்தில் என் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொண்டு, குழலின் வாய் வழியாகப் பார்ப்பேன். நகத்தில் பட்ட வெளிச்சம் குழல் முழுக்க ஏறி வரும். உள்ளே துரு இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாகத்தான் குதிரையைத் தொடுவேன், தோட்டாவை அடிக்கிற அந்தச் சின்னச் சுத்தியலை.

காபியைக் குடியுங்கள், ராய். ஆறிப்போனால் நன்றாக இருக்காது. நீங்கள் நல்ல மனதோடுதான் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு, கவனிக்காம விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஆர்விட். நான் எழுதிக்கிட்டுப் போயிடறேன்" என்றீர்கள். உங்கள் அப்பாவின் துப்பாக்கியையும் நான்தான் பார்த்துக் கொடுத்தேன், அந்த மரியாதைக்காக ஷெரிஃப் வேலையைக்கூடக் கொஞ்சம் வளைக்கிறீர்கள். நகரத்துக் கடைக்காரன் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற அந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்பியது சரிதான். குதிரையின் பாதிக் காடி உடைந்துதான் இருக்கிறது. ஆனால் நான் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த ஏரிக்கரையில் என் கையைத் தாண்டி ஒரு பழுது போனதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். குதிரையை முழுக்க இழுத்தால் சுடும். பாதி இழுத்தால் காடி என்கிற ஒரு சின்ன வெட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும், விசையை அழுத்தினாலும் விழாது. மிச்சிகனின் இந்த வடகோடியில் மான் காட்டுக்குள் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறோம், குழலுக்குள் தோட்டா, குதிரை பாதியில். எங்கள் அப்பாக்கள் ஃபின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து, முதல் துப்பாக்கியைத் தோளில் போட்ட காலத்திலிருந்து அதுதான் பழக்கம். காடி உடைந்திருந்தால் குதிரை பார்வைக்கு நிற்கும். ஒரு கட்டையில் இடித்தால் விழுந்துவிடும்.

எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர்கள் பெரும்பாலும் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள். அவர்கள் முன்னால் 'இது உதவாது' என்று சொல்வது செத்தவனையே பழிப்பது போல. அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. பார்த்து முடித்துத் துப்பாக்கியை மேசையில் வைப்பேன். லீவரை மூடி வைத்தால் வாங்கலாம். திறந்து தொங்கவிட்டு வைத்தால் வேண்டாம். வாங்க வந்தவர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிடுவார், அந்த அம்மாளும் மனம் நோகாமல் இன்னொரு காபி ஊற்றுவாள். இது ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

என் தம்பி வெய்க்கோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

மான் பருவம் தொடங்கிய நாள். அவனுக்குச் சளி. தேவதாரு மரங்களுக்கு நடுவே சதுப்பு ஓரமாக நின்று, மூக்கைச் சிந்த ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வெளியே எடுத்திருக்கிறான். நவம்பர் மாதத்தில் இங்கே யாரும் வெள்ளைத் துணி கொண்டுபோக மாட்டார்கள், சிவப்புதான். ஓடுகிற மான் வாலைத் தூக்கினால் தெரிவது அந்த வெள்ளைதான். என் பழைய சிநேகிதன் லெனர்ட் பெல்டோ ஒரு மேட்டிலிருந்து அந்த வெள்ளையைப் பார்த்துச் சுட்டான். கொம்பு இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்தக் கைக்குட்டை என்னுடையது. வெய்க்கோவின் சிவப்புத் துணி ஈரமாக இருந்ததால் காலையில் நான்தான் மடித்துக் கொடுத்தேன். அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை, இந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

விபத்து என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். தேவாலயத்துக் கீழ் அறையில் அடக்கத்துக்குப் பிந்தைய காபி நடந்துகொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் "நவம்பர்ல வெள்ளைத் துணிய எவனாச்சும் வெளிய எடுப்பானா?" என்றார். இன்னொருவர் "சின்னப் புள்ளைக்கே தெரியுமே" என்றார். செத்தவன்மேல் பழி விழுந்து, சுட்டவன் பாவப்பட்டவனாகிவிட்டான். லெனர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அது விபத்துடா ஆர்விட். என் மேல வெறுப்பு வச்சுக்காதடா." நான் சரி என்றேன். சனிக்கிழமைகளில் முன்போலவே அவன் வீட்டு நீராவிக் குளியலுக்குப் போனேன். ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒரே வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு சூடான கல்லில் ஊற்றினோம். பெருந்தன்மையானவன் என்று ஊர் என்னைச் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அந்தக் கீழ் அறையில் ஒரே ஒருத்திதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். லெனர்டின் மகள் மார்லீன். நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். ஏலக்காய் ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "மிஸ்டர் லாம்பி, எங்கப்பா பாக்காம சுட்டாரு. அது தப்பு. யாரும் சொல்லலைன்னா நான் சொல்றேன்" என்றாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை அழுத்தி எழுதுங்கள்.

அதற்கு மறுவருஷமே லெனர்ட் காட்டுக்குப் போனான். போகட்டும். அதன் பிறகு ஒரு நாள் மதுக்கடையில், வெளியூரிலிருந்து வேட்டைக்கு வந்தவர்களுக்கு அவன் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான். நான் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது. "வெள்ளைத் துணிய மட்டும் வெளிய எடுத்துடாதீங்கப்பா. எங்க ஊர்ல ஒருத்தன் மூக்கு சிந்தியே செத்துப்போனான்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் என் குவளையைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவன் சாக வேண்டும் என்று நினைத்தேன், அதிலும் விபத்தாகவே சாக வேண்டும் என்று நினைத்தேன். 'விபத்து' என்கிற அந்த வார்த்தையை அவன் வீட்டு வாசலில் நின்று நான் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஆசைப்பட்டேனே தவிர ஒன்றும் செய்யவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவனேதான் கூப்பிட்டான். "ஆர்விட், நம்ம ஊரு லெம்பி சாரி, செத்துப்போன தன் புருஷனோட துப்பாக்கிய விக்கிறாளாம். நம்ம மார்லீனுக்குப் பாக்கலாம்னு இருக்கேன். இந்த வருஷம் அவளும் காட்டுக்கு வர்றேங்கிறா. நீ வந்து ஒரு பார்வை பாத்தாத்தான் எனக்கு நிம்மதி." யாருக்கு என்று எனக்கு முன்பே தெரியும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

லெம்பியின் சமையலறையில் நாங்கள் நான்கு பேர். அடுப்பில் கிழங்கும் இறைச்சியும் வைத்து மடித்த ரொட்டிகள் வெந்துகொண்டிருந்தன. துப்பாக்கி எழுபது வருஷம் பழையது, ஆனால் திருகாணித் தலைகள் புதுசு போல இருந்தன. குழலைப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி. குழலின் வாயை மேலே தூக்கிப் பிடித்து ஆட்டினேன். லீவர் தளர்ந்து தொங்கவில்லை. லெம்பி பெருமூச்சு விட்டு, "அவரு என்னைவிட இதத்தான் அதிகமா துடைப்பாரு" என்றாள். லெனர்ட், "அதனாலதான் இது பளபளன்னு இருக்கு" என்றான். அவள் கரண்டியால் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். மார்லீன் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் நின்று என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லீவரை மூடினேன். குதிரையைப் பாதியில் நிறுத்தி, பெருவிரலால் பின்னாலிருந்து அழுத்தினேன். காடிக்குள் ஏதோ நொறுங்கியது போல வழுக்கிக்கொண்டு போனது. சத்தம் இல்லை, விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது. விழாமல் விரலாலேயே தாங்கி, மெல்ல இறக்கிவிட்டேன். செய்ய வேண்டியது ஒன்றுதான், லீவரை மறுபடி திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை. மூடியிருந்தபடியே மேசையில் வைத்தேன். லெனர்டின் முகம் மலர்ந்தது. மார்லீன் என் தோளைத் தொட்டு, "ரொம்ப நன்றி மிஸ்டர் லாம்பி" என்றாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ராய். சொல்லாத வார்த்தைக்கு உங்கள் சட்டத்தில் இடம் இருக்கிறதோ என்னவோ.

லெனர்டின் கையிலேயே அந்தத் துப்பாக்கி இருந்திருந்தால் நான் லீவரைத் திறந்திருப்பேன். அவன் கையில் இருந்து வெடித்தால் அவன் பாதத்தில் ஒரு ஓட்டை விழும், அவ்வளவுதான். இவர்கள் இருவரைத் தவிர வேறு ஒருவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுகூட நான் யோசித்தேன். ஆனால் லெனர்ட் காட்டில் எப்போதும் முன்னால் நடக்கிறவன். பின்னால் வருகிறவருக்கு வழி காட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமை. மார்லீன் பின்னால் நடப்பாள், குழல் அவன் முதுகைப் பார்த்திருக்கும். அல்லது அவள் சறுக்கி விழுந்து, துப்பாக்கி அவளையே பார்க்கும். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது. அவள் போனால் அவனுக்கு என் வலி தெரியும். அவன் போனால் கணக்கு நேராகும். இதை அந்தச் சமையலறையில், மேசைக்கும் என் கைக்கும் நடுவே இருந்த நேரத்துக்குள் யோசித்து முடித்துவிட்டேன். அவசரத்தில் செய்தது என்று எழுதாதீர்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பழைய மரவண்டிப் பாதையில் விழுந்துகிடந்த ஒரு தேவதாருவைத் தாண்டும்போது, மார்லீனின் துப்பாக்கி கட்டையில் இடித்து வெடித்தது. லெனர்ட் அவளுக்காகக் கிளையை விலக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றிருந்தான். நர்ஸ் என்பதால், அவன் பிழைக்க மாட்டான் என்று அவளுக்கு உடனே தெரிந்திருக்கிறது. ஆனாலும் காயத்தைக் கையால் அடைத்துக்கொண்டு, ஆள் வருகிறவரை விடவில்லை. நான் ஆசைப்பட்டபடியே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். "இது விபத்தும்மா" என்றேன். நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை. ஊரே ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏரியில் பனி உடையத் தொடங்கிய சமயம், அவள் என் வீட்டுப் படியில் வந்து நின்றாள். உடம்பு பாதியாகியிருந்தது. மருத்துவமனை வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். ஊசி பிடிக்கிற கையை நம்ப முடியவில்லையாம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மிஸ்டர் லாம்பி. அந்தத் துப்பாக்கில கோளாறு ஏதாச்சும் இருந்துச்சா? விசையத் தொட்டதா எனக்கு ஞாபகமே இல்ல. தெனமும் யோசிச்சுப் பாக்குறேன், தொடவே இல்ல. ஆனா அது நீங்க பாத்த துப்பாக்கி. நீங்க பாத்ததுல கோளாறு இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா நான்தானே?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கண்ணில் கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது. என் பதிலில்தான் அவள் உயிர் இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கோளாறு இருந்தது என்று சொன்னால், லாம்பியின் கை தவறிவிட்டது என்று நாளைக்கு மதுக்கடையில் பேசுவார்கள். இல்லையென்றால், தெரிந்தே விட்டான் என்று பேசுவார்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

"நல்ல துப்பாக்கிதாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நன்றி சொன்னாள், எப்போதும் போல. பிறகு ஏரிப் பக்கமாக நடந்துபோனாள். நான் கதவைச் சாத்திவிட்டு அடுப்புக்கு விறகு போட்டேன். மறுநாள் நீங்கள்தான் அவளைத் தண்ணீரிலிருந்து எடுத்தீர்கள். அப்போது உங்களுக்கு உதவியாகக் கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் பொய் சொன்னேன், அதை மறுக்கவில்லை. அந்த ஒரு பொய்யைத் தவிர, அந்தக் குடும்பத்துக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை.