உப்புச் சாலையில் ஓட்டக் கூடாத கார்

1973-இல் ஆலையில் இரும்புக் குழாய் உருட்டுகிற ஒரு பையனால், தன் சம்பளத்தை மட்டும் நம்பி, இரண்டே பேர் உட்காரும் கார் ஒன்றைப் புதிதாக வாங்க முடிந்தது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களுக்கு முப்பத்தைந்து வயது இருக்குமா, டிடெக்டிவ்? நீங்கள் பிறப்பதற்கு முன்பே அந்தக் கார்கள் போய்விட்டன, பாவம்.

தரைக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்திருப்போம். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் ஏரிக்காற்று நேராக மூக்குக்குள் போகும். நாற்பது மைல் வேகத்தில் போனாலே பறக்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்து, இத்தாலி, ஜப்பான் என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கின, ஆலையில் வேலை இருக்கிறது என்று சொன்னால் போதும், கொடுத்துவிடுவார்கள். இன்று அதே கார்களை ஓய்வுபெற்ற பல் டாக்டர்கள் ஏலத்தில் எடுத்து வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் ஃபிரிட்ஜுக்குச் சக்கரம் மாட்டியது போன்ற ஒன்றில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

எந்தக் கம்பெனியின் கார் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அறிக்கையில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ராலண்டுக்கு நடந்ததோடு அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கார் எந்தத் தப்பும் செய்யவில்லை.

ராலண்ட் பெசெக்கும் நானும் ஆலையில் ஒரே இயந்திரத்தின் இரண்டு முனைகளில் நின்றவர்கள். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஷோரூமுக்குப் போனோம். திரும்பும்போது கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு கார் எங்களோடு வந்தது. கம்பிச் சக்கரங்கள், கறுப்பு சீட்டு, மரப்பிடி போட்ட கியர். அன்று ஏரிக்கரைச் சாலையில் சான்டஸ்கி நகரம் வரை போய்விட்டு வந்தோம். வாழ்க்கையில் எனக்கு நடந்தவற்றில் அதுதான் நல்லது. கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதன் பிறகு ஐம்பது வருடம் அந்தக் காரை நாங்கள் காப்பாற்றினோம். ஒஹாயோவில் அது லேசான காரியம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். முதல் பனிக்கே, அதைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவும் லாரிகள் இறங்கிவிடும். இரண்டு குளிர்காலம் உப்பில் ஓடினால் போதும், அடித்தகடு துருப்பிடித்துப் பிஸ்கட்டாக உதிரும். அதனால் நவம்பரில் காரைக் கராஜில் ஏற்றிப் போர்த்திவிடுவோம். வசந்தத்தில் பனி கரைந்துவிட்டது என்று யாரும் எடுத்துவிட மாட்டோம். ஒரு நல்ல மழை அடித்துப் பெய்து சாலையைக் கழுவ வேண்டும். பெய்த மறுநாள் ராலண்ட் குனிந்து தாரில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்ப்பான். கரித்தால் தலையை ஆட்டுவான், அடுத்த மழைக்குக் காத்திருப்போம். எங்கள் பழைய கார் கிளப்பில் எல்லாரும் இப்படித்தான். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும்.

அந்தக் காரில் ஒரு நட்டுகூட மாற்றப்படவில்லை. பூச்சு கம்பெனியில் அடித்த பூச்சு. இந்த மாவட்டத்தில் அப்படி இன்னொன்று கிடையாது.

போன கோடையில் ராலண்டுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கை திரும்பிவிட்டது, இடது கால் மட்டும் திரும்பவில்லை. இடது கால் இல்லாமல் கிளட்ச் மிதிக்க முடியாது. நான் அதைப் பெரிய துக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் நின்றாலும் அது அதே கார்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் போர்வையை எடுத்துத் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பீர் குடித்துவிட்டு வருவோம். எனக்கு அது போதும். அவனுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போனபோது அவன் மகள் டெனிஸ் கிளம்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "வெர்ன் அங்கிள், அப்பாகிட்ட கேளுங்க, ஒரு நல்ல செய்தி இருக்கு" என்று சிரித்தாள். நல்ல பெண். சின்ன வயதில் அவள் அந்தக் காரின் பின்பக்கம் சாமான் வைக்கிற இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு எங்களோடு வந்திருக்கிறாள்.

ராலண்ட் கராஜில் ஹீட்டருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் வால்நட் வைத்த ரொட்டித் தட்டு. காரின் போர்வை ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. டிக்கி திறந்திருந்தது, கருவிகளை வெளியே எடுத்து வரிசையாக ஒரு துணியில் வைத்திருந்தான்.

"நாளைக்குக் காலையில லாரி வருதுடா" என்றான்.

"என்ன லாரி?"

"கொலம்பஸ்ல ஒரு கடை இருக்காம். டெனிஸ்தான் கண்டுபிடிச்சா. எஞ்சினையும் கியரையும் கழட்டிட்டு மின் மோட்டார் வச்சுக் குடுக்கிறாங்க. கிளட்ச்சே கிடையாது. ஒரே ஒரு காலு போதும். ஏப்ரல்ல நான் ஓட்டப்போறேன்டா வெர்ன்."

நான் அமைதியாகத்தான் பேசினேன். எஞ்சினைத் தாங்கும் பட்டைகளை அறுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். நடுத் தகட்டில் ஓட்டை போடுவார்கள், ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான் என்றேன்.

"அறுக்கட்டுமே. எனக்கு எழுபத்து மூணு ஆச்சு. இதைப் பார்த்துக்கிட்டே சாகணுமா, ஓட்டிட்டுச் சாகணுமா?"

"அது சத்தமே போடாதுடா. காத்தாடி மாதிரி ஓடும். அது நம்ம கார் இல்ல."

அவன் சிரித்தான். எப்போதும் போலத் தொந்தி குலுங்கத்தான் சிரித்தான். "நம்ம காரா? நீ வாங்கவே இல்லையேடா. பேனாவைக் கையில எடுத்தே, கீழ வச்சே, யோசிச்சுச் சொல்றேன்னே. அடுத்த வாரம் நாலு கதவு வச்ச குடும்ப வேகன்ல வந்து நின்னே, சவப்பெட்டி கலர்ல. இன்னும் ஆலையில அதைச் சொல்லிச் சிரிக்கிறவங்க இருக்காங்க."

அதனால்தான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்தக் கேலியை அவன் எத்தனையோ தடவை செய்திருக்கிறான். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அப்போது என் மனைவி மாசமாக இருந்தாள், வேகன் வாங்கியது புத்திசாலித்தனம். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

துணியில் அந்தச் சுத்தியல் இருந்தது. கம்பிச் சக்கரத்தின் நடு நட்டைத் தட்டி இறுக்குவதற்காகக் காரோடு வந்த சுத்தியல், தலை செம்பு. நட்டின் பளபளப்பில் கீறல் விழக் கூடாதென்று மெத்தென்ற உலோகத்தில் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் நீளமான ஸ்பேனரும் இருந்தது. கை தவறிக் காரில் பட்டாலும் சேதம் வராது என்பதால் சுத்தியலை எடுத்தேன். அந்த நேரத்திலும் அதை யோசித்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நிதானம் தவறிய ஆள் அப்படி யோசிக்க மாட்டான்.

"கேளுடா, இன்னொண்ணு சொல்றேன். மோட்டார் வந்துட்டா..." என்று அவன் ரொட்டியை எடுக்கக் குனிந்தான்.

காதுக்கு மேலே அடித்தேன். செம்பு மென்மையானதுதான், ஆனால் கனமானது. நாற்காலியோடு சாய்ந்து முன்சக்கரத்தின் மேல் விழுந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். வலியைவிட வியப்புத்தான் அந்தப் பார்வையில் அதிகம் இருந்தது. "டேய்" என்றான். அவ்வளவுதான். வாய் கோணிப்போய்விட்டது.

மட்கார்டில் ரத்தம் தெறித்திருந்தது. பழைய பூச்சில் ரத்தம் காய்ந்தால் கறை இறங்கிவிடும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. அதனால் முதலில் அதைத்தான் துடைத்தேன். வெந்நீர் கூடாது, கார் துடைக்கும் மான்தோலைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில். துடைத்து முடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. அவன் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், குறட்டை மாதிரி. சுவரில் போன் இருந்தது, நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சரிதான். ஒருமுறை அது அடித்தது. டெனிஸ் என்று நினைக்கிறேன். என் கையில் ஈரத்துணி இருந்தது.

பிறகு அவன் கையை நீட்டிக் கதவின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். எழுந்திருக்கப் பார்த்தான் போலிருக்கிறது. விரலில் ஆலை கொடுத்த மோதிரம், கல் வைத்தது. அது பூச்சில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. விடு என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன், கேட்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது, அதற்கு முன் ஒவ்வொன்றையும் உடைக்க வேண்டியிருந்தது. அப்புறம் அவனைக் காரிலிருந்து விலக்கிச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். அங்கே வைத்துத்தான் மீதி அடிகள். எத்தனை என்று கேட்டீர்கள். நான் எண்ணவில்லை. உங்கள் டாக்டர் முகம் அடையாளம் தெரியவில்லை என்கிறார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரு கட்டத்தில் சுத்தியலின் தலை கழன்று ஓடிவிட்டது. அதை வெகுநேரம் தேடினேன். அந்தக் கருவிப் பை முழுசாக இருப்பது அபூர்வம்.

கதவில் நகக்கண் அளவு ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதற்கு நான் உண்மையிலேயே வருந்துகிறேன்.

என் கொட்டகை அங்கிருந்து எட்டு மைல். இருட்டுவதற்குள் காரை அங்கே கொண்டு போய்ப் போர்த்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, திருடன் வந்தான் என்று போயிருக்கும், ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். உங்களோடு வந்த அந்த இளைஞர் சிரிக்கவும் செய்தார். கராஜ் கதவைத் தூக்கிப் பார்த்தேன். சாலை முழுக்க வெள்ளை வெளேர் என்று இருந்தது. காலையில்தான் லாரி உப்புக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஐம்பது வருடமாக ஒரு கல் உப்பு படாத காரை நான் எப்படி அதில் இறக்குவேன்? செவ்வாய்க்கிழமை மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். கதவை உள்ளே தாழிட்டுவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டீயரிங் நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, அழுதேன்.

திங்கட்கிழமை காலையில் டெனிஸும் லாரிக்காரரும் வந்தார்கள். அவள் கதவைத் தட்டினாள்.

"அப்பா? ராத்திரியெல்லாம் போன் எடுக்கலையே. உள்ளயா இருக்கீங்க?"

"ரோட்டுல உப்பு இருக்கும்மா, மழை வரட்டும்" என்றேன்.

"வெர்ன் அங்கிளா? அப்பா எங்கே?"

எதைச் சொன்னாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது, லாரிக்காரர் ஏறிக் குதித்தார். குதித்தவர் நேராக என் பக்கம் வந்து பூட்ஸ் காலோடு கதவின் மேல் சாய்ந்து என் சட்டையைப் பிடித்தார். அவர் மணிக்கட்டை ஸ்பேனரால் உடைத்தது நான்தான். அவரிடம் எனக்குப் பகை ஏதும் இல்லை, காரின் மேல் சாயாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னேன். டெனிஸ் அதற்குள் சுவர்ப்பக்கம் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் மேல் நான் கை வைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். காரைத் திறந்த லாரியில் ஏற்றி, போர்வைகூடப் போடாமல், அந்த உப்புச் சாலையிலேயே கொண்டு போனார்களாம். இதற்கு யார் பொறுப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆக, நான்தான் கொன்றேன். மறுக்கவில்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு நல்ல பொருளை அறுக்கப் போனார்கள், தடுத்தேன்.

டெனிஸ் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து நேற்று ஓர் இடத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். மோட்டார் மாற்ற அவள் அப்பா ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்ததாம். "கிளட்ச் போயிட்டா வெர்னும் ஓட்டலாம்மா. அம்பது வருஷமாப் பக்கத்து சீட்டுலயே உக்காந்திருக்கான். கியர் வண்டி அவனுக்கு வராது, வெளிய சொல்ல வெக்கப்படுறான். மொதல் ரவுண்டு அவன்தான்." அப்படிச் சொன்னானாம்.

எனக்குக் கியர் வண்டி வராது என்பது உண்மைதான், வேகன் முதல் நான் வாங்கியவை எல்லாம் தானாகக் கியர் மாறுபவை. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. இரவு முழுக்க யோசித்தேன். ஆனால் அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. சாலையில் அந்த உப்பு மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கே நான் அதை ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்.