பேர் சொல்லக்கூடாத வக்கீல்

"ஆடு மேய்க்கிறவர் இருக்காரான்னுதான் கேட்டேன். அதுல என்ன தப்பு? 'இது வக்கீல் ஆபீஸ், ஆட்டுச் சந்தை இல்லே'ன்னு பட்டுனு போனை வெச்சுட்டா அந்தப் பொண்ணு! மறுபடி போட்டேன். மறுபடி வெச்சா. அவளுக்கெல்லாம் சம்பளம் எதுக்குக் குடுக்கறாங்க, போனை வைக்கறதுக்கா?"

ஏரிக்கரை ஊரான பாலிக்சியிலிருந்து தலைநகர் பிஷ்கேக் போகும் வாடகைக் கார். பின்சீட்டின் நடுவில் புகைமீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜிபார். ஜன்னலோரம் சைரகுல். அவளுக்குக் காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். ஊர் போய்ச் சேரும்வரை பஞ்சைக் கடித்தபடி வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஜிபாருக்கு இதைவிட நல்ல துணை அமைந்திருக்காது.

"அங்க வக்கீலுங்க ஒரு கூட்டமே இருக்கு, தங்கச்சி. பேரைச் சொன்னாத்தான் கூப்பிடுவாளாம். எப்படிச் சொல்லுவேன்? என் மாமனாருக்கும் அதே பேரு! மாமனார் பேரை மருமக வாயால சொல்லலாமா? நீயே சொல்லு... வேணாம் வேணாம், சொல்லாதே, பஞ்சு விழுந்துடும்."

முன்சீட்டு ஆள் தொண்டையைக் கனைத்தார். டிரைவர் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன தம்பி, மீன் வாசனையா? வக்கீலுக்குக் கொண்டுபோறேன். பாலிக்சி மீனை மோந்து பார்த்தாவது நான்னு ஒருத்தி இருக்கறது ஞாபகம் வரட்டும். என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், மாமனார். விவாகரத்துதான் ஆயிடுச்சேங்கிறியா? ஆயிடுச்சு. அவர் புள்ளையைத்தானே விட்டேன், மரியாதையை விட்டேனா? எர்கினை என்ன வேணா திட்டுவேன். கழுதை, சோம்பேறி, கல்நெஞ்சன். அவங்க அப்பா பேரு மட்டும் வாயில வராது. வரவே வராது."

மடியில் போன் அடித்தது. ஜிபார் எடுத்துப் பார்த்தாள். திரையில் 'கோய்ச்சுபெக்' என்றிருந்தது. கோய்ச்சு என்றால் ஆடு மேய்ப்பவர். ஆக, மாமனார் பேர் அதுதான் என்று சைரகுலுக்குப் புரிந்தது. ஜிபார் சிவப்பை அழுத்தினாள்.

"மாமனார்தான். அவர் பேரை இதுல எர்கின்தான் ஏத்தி வெச்சான். விடாம அடிக்கிறார். நான் எடுக்கறதில்லே. ஏன்னு கேளு. அந்த மனுஷன் நல்லவர், தங்கச்சி. அதான் பயம். கல்யாணமாகி வந்த புதுசுல எனக்கு ரொட்டி சுட வரலேன்னு வீடே சிரிச்சுது. கருகின ரொட்டியை எடுத்து, 'இதுதான் எனக்குப் பிடிக்கும்'னு உக்காந்து தின்னார். அவர் குரலைக் கேட்டா நான் கரைஞ்சுடுவேன். 'மகளே, குழந்தை இங்கயே இருக்கட்டுமே'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சரிங்க மாமான்னுடுவேன். அப்புறம் கோர்ட்டுக்குப் போய் என்ன பிரயோஜனம்?"

மறுபடி போன். மறுபடி சிவப்பு.

"அக்மாராலுக்கு ஆறு வயசு. தாத்தாவோட மலைமேல மேய்ச்சலுக்குப் போறேன்னு குதிச்சுக்கிட்டுப் போனவ. கோடை முடிஞ்சு மந்தை இறங்கிடுச்சு. என் பொண்ணு வரலே. எர்கின் பிடிச்சு வெச்சுக்கிட்டான். முன்பல்லு விழுந்துடுச்சாம்! பக்கத்து ஊர்க்காரி சொல்லித்தான் தெரியும். புதுப் பல்லு நல்லா முளைக்கணும்னா விழுந்த பல்லை ரொட்டியில பொதிஞ்சு நாய்க்குப் போடணும். யாரு போட்டாங்களோ, போட்டாங்களோ இல்லையோ..."

ஜிபார் மீன் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"திங்கட்கிழமை விசாரணை. வக்கீல் மூச்சு விடலே! என்ன ஆளு இவர்? ஒரு போன்? ஒரு சேதி? ம்ஹூம். என் தங்கை, பிஷ்கேக்குல படிச்சவ, 'வக்கீல் நம்பரை உன் போன்ல ஏத்திட்டேன் அக்கா'ன்னா. வக்கீல்னு தேடித் தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லே. ஏத்த மறந்திருப்பா. படிச்சு என்ன? அதான் ஆபீஸ் நம்பருக்கு அடிக்கிறேன், அங்க அந்த மகராசி..."

சைரகுல் மெல்லத் திரும்பினாள். வக்கீலுக்கும் மாமனாருக்கும் ஒரே பேர். நம்பரை ஏற்றியவள் தங்கை. தங்கைக்கு அந்தப் பேரைச் சொல்லவும் தடையில்லை, எழுதவும் தடையில்லை.

"ம்ம்! ம்ம்ம்!" என்றாள்.

"வலிக்குதா? பஞ்சை நல்லாக் கடி."

போன் மூன்றாம் முறை அடித்தது. ஜிபாரின் விரல் சிவப்புக்குப் போகுமுன் சைரகுலின் விரல் பச்சையில் விழுந்தது.

"அடிப்பாவி!"

"அம்மா! உயிரோட இருக்கீங்களா?" என்று போன் அலறியது. முன்சீட்டு ஆளே திரும்பிப் பார்த்தார். "வாரக்கணக்கா கூப்பிடறேன், வெட்டி வெட்டி விடறீங்களே!"

"நீங்க... யாரு?"

"கோய்ச்சுபெக்! உங்க வக்கீல்! உங்க மாமனார் மகனைப் பிடிச்சு உலுக்கி எடுத்துட்டார். பொண்ணு உங்ககிட்டயே இருக்கலாம்னு உங்க வீட்டுக்காரர், அதான் பழைய வீட்டுக்காரர், கையெழுத்துப் போட்டாச்சு. பெரியவர் காலையிலேர்ந்து குழந்தையோட உங்க வீட்டு வாசல்ல நிக்கிறார். அவர் கூப்பிட்டாலும் வெட்டறீங்களாமே! எங்கம்மா இருக்கீங்க?"

ஜிபார் மீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்களைப் பார்க்கத்தாங்க... வந்துக்கிட்டிருக்கேன்."

பிறகு அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பள்ளத்தாக்கு வளைவிலேயே காரை நிறுத்தினான். சைரகுலின் முழங்காலை மிதித்து, கதவைத் திறந்து, சாலையைத் தாண்டி, எதிரே வந்த முதல் லாரியை மீன் பையை ஆட்டி மறித்தாள் ஜிபார். லாரிக்காரரிடம் அவள் தொடங்கிவிட்டது தூரத்திலிருந்தே தெரிந்தது. லாரி பாலிக்சிப் பக்கம் கிளம்பியது.

"அப்பாடா" என்றார் முன்சீட்டு ஆள்.

சீட்டில் போன் அடித்தது. ஜிபாரின் போன். திரையில் கோய்ச்சுபெக். எந்தக் கோய்ச்சுபெக் என்று சைரகுலுக்குத் தெரியவில்லை. எடுத்தாள்.

"அம்மா?" என்றது முன்பல் இல்லாத ஒரு குரல். "ஏம்மா எதுக்கவே மாத்தேங்கிறே?"

சைரகுல் பஞ்சை ஓரமாக ஒதுக்கினாள்.

"வந்துத்தே இதுக்கா, கண்ணு," என்றாள் மரத்த வாயோடு. "அம்மா வந்துத்தே இதுக்கா."

டிரைவர் பெருமூச்சு விட்டு, லாரி போன திசைக்குக் காரைத் திருப்பினான்.